மைசூருக்கு ஞாயிற்றுக்கிழமை கிளம்புங்கள்

மைசூர் போகலாம் என்று வீட்டில் பேச்சு வந்ததும் எல்லோரும் செல்போனை எடுத்து ஹோட்டல் தேட ஆரம்பிப்பார்கள். நான் காலண்டரைத்தான் முதலில் எடுப்பேன். அந்த ஊரில் இரண்டு நாள் மட்டும் இருக்கப் போகிறீர்கள் என்றால், எந்தக் கிழமை போகிறீர்கள் என்பதுதான் பாதிப் பயணத்தை முடிவு செய்கிறது.

காரணம் அரண்மனை விளக்கு. ஞாயிற்றுக்கிழமையும் அரசு விடுமுறை நாட்களிலும் சாயங்காலம் ஏழு மணிக்கு அரண்மனை முழுக்க பல்பு எரியும். ஏறக்குறைய ஒரு லட்சம் பல்புகள், முக்கால் மணி நேரம். அவ்வளவுதான். அதைத் தவறவிட்டால் மைசூர் போய்வந்ததில் ஒரு குறை இருந்துகொண்டே இருக்கும். மற்ற நாட்களில் டிக்கெட் வாங்கி ஒலி ஒளிக் காட்சி பார்க்கலாம். அது முடிந்ததும் சில நிமிஷம் விளக்கு போடுவார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமையின் ஆற அமர உட்காரும் சுகம் அதில் இல்லை.

சரி, அப்படியானால் சனி, ஞாயிறு போகலாமே என்பீர்கள். பெங்களூரில் இருக்கிற பாதிப் பேர் அதையேதான் நினைக்கிறார்கள். 2023இல் புது எக்ஸ்பிரஸ் சாலை திறந்த பிறகு பெங்களூரிலிருந்து கார் எடுத்தால் மதியச் சாப்பாட்டுக்கு மைசூர் வந்துவிட முடிகிறது. அதனால் சனிக்கிழமை ராத்திரி அறை வாடகை ஏறிக் கிடக்கும். ஞாயிறு மதியம் அவர்கள் எல்லோரும் அறையைக் காலி செய்து கிளம்புவார்கள். நாம் அப்போது உள்ளே போக வேண்டும். ஞாயிறு ராத்திரி அறை சுலபமாகக் கிடைக்கும், வாடகையும் இறங்கியிருக்கும். திங்கட்கிழமை அரண்மனைக்குள் கூட்டம் குறைவு. பட்டு ஆலையில் தறி ஓடும். மிருகக்காட்சி சாலைக்குச் செவ்வாய்தான் விடுமுறை, திங்கள் திறந்திருக்கும். ஒரு நாள் ஆபீஸுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் லீவு சொல்ல வேண்டியிருக்கும். சொல்லிவிடுங்கள்.

நான் ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் கணக்கு பார்க்கிறவள். வீட்டில் யார் எங்கே கிளம்பினாலும் ரூம் போடுவது, வண்டி பேசுவது, மாத்திரை டப்பாவை எடுத்து வைப்பது எல்லாம் என் தலையில்தான் விழும். மைசூருக்கு நாங்கள் போவது ஐந்து பேர்: நான், வீட்டுக்காரர், ஆறாம் வகுப்புப் பையன், மூட்டுவலியுள்ள மாமியார், சென்னையிலிருந்து ரயிலில் வந்து சேர்ந்துகொள்ளும் நாத்தனார். ஐந்து பேருக்கும் ஐந்து ஆசை. கீழே சொல்லியிருப்பதெல்லாம் இந்த ஐந்து பேரையும் முகம் சுளிக்காமல் வைத்திருக்க வேண்டும் என்ற கட்டாயத்தில் கற்றுக்கொண்டது.

எதை விடுவது

பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலை இணையத்தில் தேடினால் இருபது பெயர் வரும். அதில் விட வேண்டியதை முதலில் அடித்துவிடுங்கள். ஒரே ஒரு ராத்திரி தங்குகிறவர்களுக்கு நான் முதலில் அடிக்கச் சொல்வது பிருந்தாவன் தோட்டம். சொன்னால் சண்டைக்கு வருவார்கள், தெரியும். ஆனால் அது ஊரிலிருந்து இருபது கிலோமீட்டர் தள்ளி, கிருஷ்ணராஜசாகர் அணைக்குக் கீழே இருக்கிறது. நீரூற்று ஆடுவது இருட்டிய பிறகு. ஞாயிறு சாயங்காலம் அங்கே போனால் அரண்மனை விளக்கு போச்சு. திங்கள் சாயங்காலம் போனால் கடைவீதி போச்சு. நம் காவிரியை அங்கே எப்படிக் கட்டி வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கும் ஆர்வம் இருந்தால் இன்னொரு ராத்திரி சேர்த்துத் தங்குங்கள்.

ஸ்ரீரங்கப்பட்டணம் அப்படியில்லை. சென்னை, பெங்களூர் பக்கமிருந்து காரில் வருகிறவர்களுக்கு அது வழியிலேயே, மைசூருக்குப் பதினைந்து கிலோமீட்டர் முன்னால் வந்துவிடுகிறது. ரங்கநாதர் கோயில் நடை மதியம் சாத்திவிடும், அதற்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். அங்கே பலரும் தவறவிடுவது தரியா தௌலத் பாக். திப்பு சுல்தான் 1784இல் கட்டிய கோடைக்கால மாளிகை. அதன் மேற்குச் சுவர் முழுக்க ஒரு போர்க்களம் வரைந்திருக்கிறது. 1780இல் நம் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புள்ளலூரில் ஹைதர் அலியும் திப்புவும் ஆங்கிலேயப் படையைத் தோற்கடித்த சண்டை அது. பல்லக்கில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆங்கிலேயத் தளபதி கர்னல் பெய்லியைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொன்னால் பிள்ளைகள் நச்சரிக்காமல் கால் மணி நேரம் நிற்பார்கள்.

நாட்களிலும் விட வேண்டியவை உண்டு. தசரா பத்து நாளும் அரண்மனையில் தினமும் விளக்கு எரியும். அழகுதான். ஆனால் கடைசி மூன்று நாள், முக்கியமாக யானை ஊர்வலம் போகும் விஜயதசமி அன்று, குடும்பத்தோடு முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன். தசராதான் வேண்டும் என்றால் முதல் இரண்டு மூன்று நாளில் போய்வந்துவிடுங்கள். இன்னொன்று, ஆஷாட மாத வெள்ளிக்கிழமைகள். கன்னடக்காரர்களின் மாதம் அமாவாசை கழித்துத் தொடங்குவது, அதனால் நம் ஆடி பிறக்கும் முன்பே அங்கே ஆஷாடம் வந்துவிடும். அந்த வெள்ளிக்கிழமைகளில் சாமுண்டி மலையில் கால் வைக்க இடமிருக்காது, சொந்த வண்டியையும் மேலே விடமாட்டார்கள். டிசம்பர் கடைசி வாரமும் அதே கதைதான்.

அறை எங்கே எடுப்பது

மைசூரில் ஹோட்டலுக்குக் கொடுக்கும் காசு அறையின் அழகுக்கா, இடத்துக்கா என்று கேட்டால், இடத்துக்குக் கொடுங்கள் என்பேன். ஊருக்கு வெளியே ஹுன்சூர் ரோட்டில், ரிங் ரோட்டில் பளபளவென்று புது விடுதிகள் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு முறை வெளியே கிளம்பவும் வண்டி வேண்டும். ரயில் நிலையத்துக்கும் அரண்மனைக்கும் இடையே சுமார் இரண்டு கிலோமீட்டர்தான். அதற்குள்ளேயே தன்வந்திரி ரோடு, காந்தி சதுக்கம், ஜே.எல்.பி. ரோடு என்று எல்லா விலைக்கும் அறை இருக்கிறது. மதியம் வந்து ஒரு மணி நேரம் படுத்து எழுந்து மறுபடி கிளம்ப முடியும். வயசானவர்களும் பிள்ளைகளும் கூட வரும்போது இந்த மதியத் தூக்கம்தான் சாயங்காலத்தைக் காப்பாற்றும்.

காசு பிரச்சினை இல்லை என்பவர்களுக்கு, வைஸ்ராய் வந்தால் தங்குவதற்காகக் கட்டிய லலிதா மஹால் இருக்கிறது. மகாராஜாவின் வெள்ளைக்கார விருந்தாளிகளுக்காகக் கட்டிய மெட்ரோபோல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நாங்கள் அங்கே போய் ஒரு காபி குடித்துவிட்டு வருகிற ஜாதி. நாத்தனாருக்கு அதுவே போதும், நூறு போட்டோ எடுத்துவிடுவாள்.

செயலியில் படம் பார்த்து அறையைத் தேர்ந்தெடுத்தாலும், காசு கட்டும் முன் விடுதிக்கு நேரடியாகப் போன் போட்டு நான்கு கேள்வி கேளுங்கள். வெந்நீர் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை? பல இடங்களில் காலை மட்டும்தான் வரும், சாயங்காலம் குளிக்க நினைத்தால் பச்சைத் தண்ணீர்தான். அறையைக் காலி செய்வது பகல் பன்னிரண்டு மணிக்கா, இல்லை உள்ளே வந்த நேரத்திலிருந்து இருபத்து நான்கு மணி நேரமா? ஞாயிறு மதியம் உள்ளே போய்த் திங்கள் சாயங்காலம் கிளம்புகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் பெரிது. கார் நிறுத்த விடுதிக்குள்ளேயே இடம் உண்டா, தெருவிலா? கடைசியாக லிஃப்ட். லிஃப்ட் இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள், தெருவிலிருந்து லிஃப்ட் வரை எத்தனை படி என்று கேளுங்கள். ஒரு விடுதியில் "லிஃப்ட் இருக்கு மேடம்" என்றார்கள். இருந்தது, முதல் மாடியிலிருந்து. கீழே இருபது படி ஏறித்தான் அந்த லிஃப்ட்டைப் பிடிக்க வேண்டும். மாமியார் ஒவ்வொரு படிக்கும் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஏனம்மிணி, இதையும் போன்லயே கேட்டிருக்கலாமல்லோ" என்றார். அன்றிலிருந்து கேட்கிறேன்.

ராத்திரி ரயிலில் வருகிறவர்கள் காலையிலேயே இறங்குவார்கள். அறை பன்னிரண்டுக்குத்தான் என்றால், முன்கூட்டியே உள்ளே விடுவார்களா, அதற்குத் தனிக் காசா என்பதையும் அதே போனில் பேசிவிடுங்கள். முடியாது என்றால் பெட்டியை வரவேற்பறையில் போட்டுவிட்டு நேராக டிபனுக்குப் போகலாம்.

ஞாயிறு

மதியம் அறைக்கு வந்து, சாப்பிட்டு, படுத்து எழுந்தால் மணி மூன்றரை. அரண்மனைக்குள் அன்றே நுழைய வேண்டாம், அது திங்கள் காலைக்கு. அதற்குப் பதில் பக்கத்திலேயே இருக்கும் ஜகன்மோகன் அரண்மனைக்குப் போங்கள். 1861இல் கட்டியது, இப்போது ஓவியக் காட்சிக்கூடம். அவ்வப்போது பழுதுபார்க்கிறோம் என்று மூடிவைப்பார்கள், அதனால் விடுதி வரவேற்பில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். ரவி வர்மாவின் அசல் ஓவியங்கள் அங்கே இருக்கின்றன. நம் வீட்டுக் காலண்டர்களில் பார்த்துப் பார்த்துப் பழகிய முகங்களின் மூதாதைகள்.

ஆனால் என்னை நிறுத்தியது வேறு ஒரு படம். எஸ்.எல். ஹல்தங்கர் வரைந்தது, விளக்கேந்திய பெண் என்பார்கள். இருட்டு அறையில் தனியாக வைத்திருக்கிறார்கள். ஒரு பெண் குத்துவிளக்கை ஒரு கையில் பிடித்து, காற்றில் அணையாமல் இன்னொரு கையால் மறைத்துக்கொண்டு நிற்கிறாள். மறைத்த கையின் விரல் இடுக்குகளில் சிவப்பாக ஒளி கசிகிறது, கீழிருந்து முகத்தில் ஏறுகிறது. பின்னால் பல்பு வைத்திருக்கிறார்கள் என்றே என் பையன் அடம்பிடித்தான். இல்லை, வெறும் நீர்வண்ணம். மாடலாக நின்றது ஓவியரின் சொந்த மகள். கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து, கையெட்டும் தூரத்தில் நின்று பாருங்கள்.

ஐந்தரைக்கு அங்கிருந்து கிளம்பி, வழியில் ஒரு காபி குடித்துவிட்டு, ஆறேகாலுக்கெல்லாம் அரண்மனை மைதானத்துக்குள் இருக்க வேண்டும். விளக்கு பார்க்க ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் கிடையாது. ஏழு மணிக்குச் சரியாக வந்தால் வாசலில் நெரிசலில் நிற்பதிலேயே பாதி நேரம் போய்விடும். முன்பக்கத்து மைதானத்தில், கட்டிடத்துக்கு ரொம்ப ஒட்டாமல், மொத்த அகலமும் கண்ணில் படும் தூரத்தில் இடம் பிடியுங்கள். தரையில் விரிக்க ஒரு பழைய துண்டு எடுத்துப் போங்கள். இருட்டிக்கொண்டே வரும், கட்டிடம் கருப்பாக நிற்கும். அப்புறம் ஒரே கணத்தில் எல்லாம் எரியும். கூட்டம் மொத்தமும் "ஓ" என்று ஒரு சத்தம் போடும். போட்டோவை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம், அந்த முதல் கணத்தில் செல்போனை இறக்கி வைத்திருங்கள். போலீஸ் பேண்ட் வாசிக்கும் நாளாக இருந்தால் இன்னும் விசேஷம்.

முடிந்து வெளியே வரும்போது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஆட்டோ வேண்டும். கேட்பதுதான் விலை. அறை பக்கத்தில் எடுத்திருந்தால் நடந்தே வந்துவிடலாம். இடத்துக்குக் காசு கொடுங்கள் என்றது இதற்காகத்தான்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குக் காந்தி சதுக்கத்தில் ஆர்.ஆர்.ஆர். இருக்கிறது. ஆந்திரச் சாப்பாடு, வாழையிலை, காரம் கொஞ்சம் தூக்கல். கறி சாப்பிடுகிறவர்கள் அனுமந்து புலாவ் கடையைக் கேட்டுப் போகலாம். ஆனால் அது பகல் வேலை, ராத்திரியை நம்பிப் போகாதீர்கள்.

திங்கள் காலை

எழுந்ததும் சாமுண்டி மலை. ஏழரைக்குக் கோயில் திறக்கும்போது அங்கே நின்றால் தரிசனம் சீக்கிரம் முடியும். கார் இல்லாதவர்களுக்கு நகரப் பேருந்து நிலையத்திலிருந்து மலைக்கு 201ஆம் எண் பஸ் போகிறது. மலைக்கு அடிவாரத்திலிருந்து ஆயிரம் படிக்கு மேல் இருக்கின்றன. வேண்டுதல் இருந்தால் ஏறுங்கள். இல்லாவிட்டால் என் வழி இது: வண்டியில் உச்சிக்குப் போய்ச் சாமி கும்பிட்டுவிட்டு, படியில் கீழே இறங்குங்கள். முந்நூறு படிபோல இறங்கினால் நந்தி. ஒரே பாறையில் செதுக்கியது, கழுத்துச் சலங்கையெல்லாம் தனித்தனியாக எண்ணலாம். பதினேழாம் நூற்றாண்டுச் சிலை. நந்தி வரை கார் வர ரோடு இருக்கிறது. மாமியாரும் வீட்டுக்காரரும் காரில் அங்கே வந்துவிடுவார்கள், நானும் பையனும் படியில் வருவோம். மூட்டுக்கும் பங்கம் இல்லை, பையனுக்கும் மலை இறங்கிய பெருமை.

அங்கிருந்து நேராக நஜர்பாத்தில் மைலாரி. பழைய, சின்னக் கடை. ஒரே பெயரில் ஒன்றுக்கு மேல் இருக்கும், எது அசல் என்று யாரைக் கேட்டாலும் ஒரு பதில் வரும். நான் கூட்டம் குறைந்த கடையில் உட்காருவேன். தோசை மொறுமொறு இல்லை. பஞ்சு போல, விரலால் அழுத்தினால் பள்ளம் விழும். மேலே ஒரு உருண்டை வெண்ணெய், கூடத் தேங்காய்ச் சட்னி. சாம்பார் கிடையாது, கேட்டு அவமானப்படாதீர்கள். ஆளுக்கு ஒன்று என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தால் சர்வர் சிரிப்பார். இரண்டாகவே சொல்லிவிடுங்கள்.

பத்து மணிக்கு அரண்மனை திறக்கும்போது முதல் வரிசையில் நில்லுங்கள். வாசலில் ஆட்டோக்காரர் யாராவது வந்து "இப்போ மூடியிருக்கு, ஒரு மணிக்குத்தான் திறப்பாங்க, அதுவரைக்கும் ஊதுபத்தி செய்யுற இடம் காட்டுறேன்" என்பார். நம்ப வேண்டாம். சிரித்துக்கொண்டே "பேடா", அதாவது வேண்டாம் என்று கன்னடத்தில் சொல்லி நடங்கள்.

செருப்பை வெளியே விட வேண்டும். வெயில் ஏறினால் முற்றத்துக் கல் சுடும், சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். பழைய அரண்மனை மரத்தால் ஆனது. 1897இல் இளவரசி கல்யாணத்தின்போது தீப்பிடித்து எரிந்துபோனது. இப்போது இருப்பது 1912இல் முடிந்தது, செலவு அந்தக் காலத்து 41 லட்சம் ரூபாய். வரைந்தவர் ஹென்றி இர்வின். சென்னை எழும்பூர் ரயில் நிலையமும் அவர் கைவண்ணம்தான். இதை நாத்தனாரிடம் சொன்னதும், "அதான் அண்ணி, எங்கியோ பார்த்தமாதிரி இருக்கு" என்றாள்.

உள்ளே வரிசையோடு தள்ளப்பட்டுப் போய்விடாமல் கல்யாண மண்டபத்தில் ஒதுங்கி நில்லுங்கள். எண்கோண மண்டபம். இரும்புத் தூண்கள் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் வார்த்து வந்தவை. அண்ணாந்தால் கூரைக் கண்ணாடியில் மயில்கள். சுவரைச் சுற்றிலும் தசரா ஊர்வலத்தின் ஓவியங்கள், யானை, குதிரை, பேண்ட் வாத்தியம், வேடிக்கை பார்க்கும் ஜனம் என்று. முகங்கள் ஒவ்வொன்றும் வேறு வேறு. நிஜ ஆட்களைப் பார்த்து வரைந்தவை என்பது பார்த்தாலே தெரியும். ஒன்றரை மணி நேரம் போதும்.

சேலைக்கான மதியம்

இந்த இடத்தில் குடும்பத்தை இரண்டாகப் பிரிப்பேன். வீட்டுக்காரரும் பையனும் மிருகக்காட்சி சாலைக்கு. 1892இல் தொடங்கியது, மரங்கள் அடர்ந்து நிழலாக இருக்கும். நடக்க மூன்று மணி நேரம் ஆகும், தண்ணீர் பாட்டில் இருந்தால் போதும். பெண்கள் மூவரும் மானந்தவாடி ரோட்டில் இருக்கும் அரசுப் பட்டு ஆலைக்கு. பெண்கள்தான் போக வேண்டும் என்று சட்டமில்லை. எங்கள் வீட்டில் ஆண்கள் வந்தால் பத்தாவது நிமிஷம் கடிகாரத்தைப் பார்ப்பார்கள், அதற்குத்தான்.

மைசூர் மகாராஜா நால்வடி கிருஷ்ணராஜ உடையார் 1912இல் தொடங்கிய ஆலை. இப்போது கர்நாடக அரசின் பட்டுத் தொழில் கழகத்திடம் இருக்கிறது. வார நாளில் போனால்தான் தறி ஓடுவதைப் பார்க்க முடியும். செல்போனில் படம் எடுக்க விடமாட்டார்கள். உள்ளே போனால் பேச்சுச் சத்தம் காதில் விழாது, அவ்வளவு தறி இரைச்சல். தறியில் இறங்கும் சேலை நாம் கடையில் பார்ப்பதுபோல் வழுவழுவென்று இருக்காது. வெளிறிப்போய், கஞ்சி போட்டமாதிரி விறைப்பாக இருக்கும். பட்டு நூலை இறுக்கி முறுக்கி நெய்கிறார்கள். அப்புறம் வேகவைத்துப் பசையை எடுத்து, சாயம் போட்டபின்தான் அந்தக் குழைவும் துவளலும் வருகிறது. காஞ்சிபுரம் உடுத்திப் பழகிய கைக்கு இது வேறு உலகம். கனம் இல்லை, மடிப்பு நிற்காமல் வழிந்து விழும். மூட்டுவலியோடு கல்யாண வீட்டில் நாள் முழுக்க நிற்க வேண்டிய என் மாமியாருக்கு இதனால்தான் மைசூர்ப் பட்டு மேல் ஆசை.

ஆலை வளாகத்திலேயே விற்பனைக் கூடம் இருக்கிறது. வாங்கும்போது பார்க்க வேண்டியது இவ்வளவுதான்: ஹாலோகிராம் முத்திரையும், அந்தச் சேலைக்கென்றே உள்ள எண்ணும். சரிகை வெள்ளி நூல், மேலே தங்க முலாம். அதனால்தான் விலையும் அப்படி. இருபதாயிரத்துக்கு மேல் தயாராக வைத்துக்கொண்டு போங்கள். ஊருக்குள் கடைகளில் இரண்டாயிரம், மூவாயிரத்துக்கு "மைசூர் சில்க்" என்று சொல்லி எடுத்துப் போடுவார்கள். அவையும் உடுத்த நன்றாகவே இருக்கும், தினப்படிக்கு நானும் வாங்குவேன். ஆனால் அந்தச் சேலை வேறு, இந்தச் சேலை வேறு. விலையைக் கேட்டதுமே அது தெரிந்துவிடும்.

வரலட்சுமி நோன்பு, தசரா நெருங்கும்போது அலமாரி காலியாக இருக்கும். நினைத்த நிறம் கிடைக்காது. நிறத்தை வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுப் போகாதீர்கள், அங்கே இருப்பதில் பிடித்ததை எடுங்கள். சேலைக்கான பணத்தைத் தனி உறையில் போட்டு வைப்பது என் பழக்கம். அதிலிருந்து சாப்பாட்டுக்கோ ஆட்டோவுக்கோ எடுப்பதில்லை, சாப்பாட்டுக் காசிலிருந்து அதில் சேர்ப்பதும் இல்லை.

சந்தன மரச் சாமான்களுக்கும் கருங்காலி, ஈட்டி மர வேலைப்பாடுகளுக்கும் சையாஜி ராவ் ரோட்டில் அரசு நடத்தும் காவேரி எம்போரியம் போங்கள். ஈட்டி மரத்தில் வேறு மரத் துண்டுகளைப் பதித்துச் செய்யும் படங்கள் மைசூருக்கே உரியவை, சின்ன அளவில் வாங்கினால் கைக்கடக்கம். தெருவில் நூறு ரூபாய்க்கு விற்கும் சந்தன மாலை சந்தனம் இல்லை என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

மார்க்கெட்

சாயங்காலம் நாலரைக்குத் தேவராஜா மார்க்கெட். எல்லோரும் மறுபடி சேர்வது அங்கேதான். சந்திக்கும் இடம் சின்ன மணிக்கூண்டு, பெரிய மணிக்கூண்டு இல்லை. இரண்டும் கொஞ்ச தூர இடைவெளியில் நிற்கின்றன, வெறும் மணிக்கூண்டு என்று சொன்னால் ஆளுக்கொரு கூண்டின் கீழே நிற்பார்கள்.

நூறு வருஷத்துக்கு மேற்பட்ட மார்க்கெட். 2016இல் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. அதிலிருந்து மொத்தமாக இடித்துக் கட்டுவதா, பழையபடியே புதுப்பிப்பதா என்று இழுபறி. பூக்கடை வரிசையில் முதலில் நுழையுங்கள். மைசூர் மல்லிகை நம் மதுரை மல்லியைவிடச் சிறுசு, வாசனை மெலிதாக வரும். மாமியார் இரண்டு முழம் வாங்கி அங்கேயே மூன்று பேருக்கும் வைத்துவிடுவார். அடுத்து வெற்றிலை. அப்புறம் குங்குமக் கடைகள். எல்லா நிறத்திலும் பொடியைக் கோபுரமாகக் குவித்து வைத்திருப்பார்கள், போட்டோ எடுக்க எல்லோரும் நிற்பது அங்கேதான். எடுங்கள், ஆனால் பத்து ரூபாய்க்காவது ஏதாவது வாங்கிவிட்டு எடுங்கள். அவ்வளவு கலரும் நெற்றிக்கு இல்லை, கோலத்துக்கான பொடிகளும் கலந்திருக்கும். எது நெற்றிக்கு என்று கேட்டு வாங்குங்கள்.

மஞ்சள் கடையில் மட்டும் நான் கொஞ்சம் அதிகம் நின்றுவிடுவேன், தொழில் அப்படி. விரலியைக் கையில் எடுத்து ஒடித்துப் பார்ப்பேன். டக்கென்று உடைந்து உள்ளே ஆரஞ்சாக இருந்தால் நன்றாகக் காய்ந்த சரக்கு. வளைந்தால் ஈரம். கடைக்காரர் ஒருமுறை என் முகத்தைப் பார்த்துவிட்டு, தமிழிலேயே "எந்த மண்டி?" என்று கேட்டார். அங்கே தமிழ் தெரியாத வியாபாரியைப் பார்ப்பதுதான் கஷ்டம். ஆனாலும் கன்னடத்தில் "எஷ்டு", எவ்வளவு என்று ஆரம்பித்தால் முகம் மலரும், விலையும் கொஞ்சம் இறங்கும்.

வாசனை எண்ணெய் விற்கும் பையன்கள் மணிக்கட்டில் ஒரு சொட்டு வைத்துப் பேச ஆரம்பிப்பார்கள். நல்ல பையன்கள்தான். ஆனால் உட்கார்ந்துவிட்டால் இருபது சொட்டு, அரை மணி நேரம், கடைசியில் விரல் நீளப் புட்டிக்கு மண்டை சுற்றும் விலை. வேண்டும் என்றால் ஒரே ஒரு வாசனையைக் கேட்டு, புட்டியின் அளவையும் விலையையும் முதலில் பேசிவிடுங்கள்.

மைசூர்பாகு இல்லாமல் ஊர் திரும்ப முடியாது. மார்க்கெட்டை ஒட்டி சையாஜி ராவ் ரோட்டில் குரு ஸ்வீட் மார்ட். அரண்மனைச் சமையல்காரர் காகாசுர மாதப்பாவின் வாரிசுகள் நடத்தும் கடை, மைசூர்பாகைக் கண்டுபிடித்தவர் அவர்தான் என்பது ஊர்ப்பேச்சு. கடை அகலம் நான்கு பேர் நின்றால் அடைத்துக்கொள்ளும். முதலில் நூறு கிராம் வாங்கி நின்றபடியே சாப்பிட்டுப் பாருங்கள். நம் வீட்டு மொறுமொறுப்பும் இல்லை, கோயம்புத்தூர்க் கடைகளின் வழுக்கலும் இல்லை, இரண்டுக்கும் நடுவில். பிடித்தால் கிலோ கணக்கில் கட்டச் சொல்லலாம். நெய் கசியும், சேலைப் பையோடு சேர்த்து வைக்காதீர்கள்.

போக, வர

சென்னையிலிருந்து வந்தே பாரத் காலை ஆறுக்குக் கொஞ்சம் முன்னால் சென்ட்ரலில் கிளம்பி மதியம் பன்னிரண்டரை வாக்கில் மைசூர் சேர்க்கும், ஞாயிறு மதியத் திட்டத்துக்குக் கச்சிதம். வாரத்தில் ஒரு நாள் அது ஓடாது, பதிவு செய்யும்போது பாருங்கள். சதாப்தியும் பகலில் வரும். லீவு குறைவு என்பவர்களுக்கு ராத்திரி காவேரி எக்ஸ்பிரஸ். தென்பக்கத்துக்காரர்களுக்கு தூத்துக்குடியிலிருந்து மதுரை வழியாக ஒரு ரயில் இருக்கிறது. டெல்டா பக்கத்திலிருந்து தஞ்சாவூர், திருச்சி, ஈரோடு வழியாக இன்னொன்று. இந்த ராத்திரி ரயில்களெல்லாம் காலையில் கொண்டு விடுபவை.

காரில் என்றால் எங்களுக்கு சத்தியமங்கலம், திம்பம், சாமராஜநகர், நஞ்சன்கூடு. திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவு, வாந்தி வருகிறவர்களை முன்சீட்டில் உட்கார வையுங்கள். புலிகள் காப்பகம் என்பதால் ராத்திரி ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை பண்ணாரி சோதனைச் சாவடியில் காரை விடமாட்டார்கள். ஊட்டி, கூடலூர் வழியாகப் போகிறவர்களுக்கு பந்திப்பூரிலும் அதே நேரக் கட்டுப்பாடு. அதனால் திங்கள் சாயங்காலம் கடைவீதியை முடித்துக்கொண்டு அன்றே திரும்பலாம் என்று கணக்குப் போடாதீர்கள். மார்க்கெட்டிலிருந்து ஏழு மணிக்குக் கிளம்பினால் ஒன்பதுக்குள் காட்டைத் தாண்ட முடியாது. இன்னொரு ராத்திரி தங்கிவிட்டுச் செவ்வாய் காலை கிளம்புவதுதான் நல்லது, இல்லாவிட்டால் மார்க்கெட்டைத் திங்கள் மதியத்துக்கு மாற்றி நாலு மணிக்குக் கிளம்பிவிட வேண்டும்.

செவ்வாய் காலை கிளம்பினால் நஞ்சன்கூட்டில் நின்று ஸ்ரீகண்டேஸ்வரரைப் பார்த்துவிட்டு வரலாம். நம் வீடுகளில் தாத்தா காலத்திலிருந்து வைத்திருந்த பல்பொடி டப்பாவில் இருக்கும் அதே நஞ்சன்கூடுதான். கோயிலைச் சுற்றிய கடைகளில் ரசபாளே வாழைப்பழம் கிடைக்கிறதா என்று கேளுங்கள். நம் ரஸ்தாளிக்கு ஒன்றுவிட்ட உறவு, தோல் மெலிசு, வாசனை தூக்கும். எப்போதும் கிடைக்காது. கிடைத்தால் ஒரு சீப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள், டிக்கியில் போடாமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். இருபத்தேழு வளைவும் இறங்குவதற்குள் பெட்டிக்கு அடியில் கூழாகிவிடும்.